போர்வையில் தங்கும் முதுமை வாடை

தாத்தா தினமும் குளிக்கிறார், சோப்பும் போடுகிறார். அப்புறமும் அவர் தலையணையில் ஒரு வாடை இருக்கிறதே, ஏன்? ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி பக்கம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் பெரியவர் மனம் நோகும். கேட்காமலே இருந்தால் ஒருநாள் அவர் கட்டில் திண்ணைக்குப் போய்விடும். சுத்தமில்லை, சோம்பல் என்று பழி அவர் மேல் விழுகிறது. வேதியியலைக் கேட்டால் அந்தப் பழி நிற்காது: வாடைக்கு ஒரு முக்கியக் காரணம், துணியில் ஊறிய தோலெண்ணெய் கெட்டுப்போவது.

ஜப்பானின் ஷிசெய்டோ அழகுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2001-இல், 26 முதல் 75 வயது வரை உள்ளவர்களின் உடல்வாடையை ஆராய்ந்து, 40-ஐத் தாண்டியவர்களிடம் மட்டும் நோனெனால் என்ற பொருள் இருப்பதாகச் சொன்னார்கள். ஆராயப்பட்டவர்கள் மிகச் சிலர். ஆராய்ந்ததோ வாசனைப் பொருள் விற்கும் நிறுவனம். 2008-இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் முதுகிலும் முன்கையிலும் தேடியபோது அது அகப்படவில்லை. ஆகவே 'நோனெனாலை ஒழிக்கும் சோப்பு' என்று விளம்பரம் வந்தால் பணத்தை எடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் நோனெனால் உருவாகும் வேதிவினை அழகானது. தோலெண்ணெயில் உள்ள பால்மிட்டோலியிக் அமிலம் 16 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. வால் முனையிலிருந்து எண்ணினால் 7-வது, 8-வது அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு. அதற்கு அடுத்த 9-வது அணுவில் ஹைட்ரஜனின் பிடி தளர்வு. காற்றின் ஆக்சிஜன் அங்கே வந்து ஒட்டும். ஒட்டிய இடத்தை அடுத்துச் சங்கிலி அறுந்தால், கையில் மிஞ்சுவது சரியாக 9 கார்பன் துண்டு. அதுதான் நோனெனால். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பிரித்து வைத்து மறந்துவிட்டால் நடப்பதும் இதே வகை வினைதான். வெல்லப்பாகு கெடாது, கடலையின் எண்ணெய்தான் சிக்கு வாடை அடிக்கும். வியர்வை உப்பு அந்தப் பாகு மாதிரி, தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், எண்ணெய் கரையாது. தோல் நீக்காத கடலை நாள் தாங்குவதற்கு அந்தச் செந்தோலில் உள்ள தடுப்பான்கள் காரணம். நம் தோலெண்ணெய்க்கும் வைட்டமின் ஈ என்ற காவல் உண்டு. காறல் பிடித்த டப்பாவில் புது மிட்டாயைப் போட்டால் அதுவும் சீக்கிரம் காறும், ஏனென்றால் இது ஒன்றை ஒன்று தூண்டும் தொடர்வினை. பழைய எண்ணெய் ஊறிய தலையணை உறைதான் அந்த டப்பா.

முதியவர் உடலே நாறும் என்பதற்கு 2012-இல் மோனெல் குழு நடத்திய சோதனை எதிர்ச்சான்று. 20–30, 45–55, 75–95 வயதினர் அக்குளில் பஞ்சுத்திண்டு வைத்த பனியனோடு தூங்கினார்கள். யாருடையது என்று சொல்லாமல் அந்தத் திண்டுகளை வேறு சிலருக்கு முகரக் கொடுத்தார்கள். முதியவர்களின் வாடைதான் மற்ற இரண்டையும்விட மெல்லியது, அருவருப்புக் குறைந்தது என்றே முகர்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். அவர்கள் எல்லாரும் நலமான, மணமற்ற சோப்பில் குளித்த முதியவர்கள்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, என் வாதத்துக்கும் அதுவே துணை. உடலைத் தனியே எடுத்துப் பார்த்தால் குற்றமில்லை என்றால், துணியையும் தண்ணீரையும்தான் விசாரிக்க வேண்டும்.

கரிசல் காட்டின் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். நுரை வராது, அந்தக் கசடே எண்ணெயையும் பிடித்துக்கொண்டு நூலிழையில் படியும். எத்தனை தடவை கும்மினாலும் போர்வை கனத்துப் பிசுபிசுப்பது இதனால்தான். முதலில் தண்ணீரில் சலவைச்சோடா கலந்தால் கால்சியம் தனியே படிந்துவிடும். சோப்பு தன் வேலையைச் செய்யும். சோப்புக்குப் பதில் சலவைத்தூள் என்றால் இந்தத் தொல்லை குறைவு. நல்ல வெயிலில் போட்டால் போதாதா? வெயில் ஆவியாகும் வாடையை ஓட்டும், ஆனால் எண்ணெய் அங்கேயே இருக்கும். சூடும் ஒளியும் பட்டு அது அடுத்த வாடையை இன்னும் வேகமாகத் தயாரிக்கும். துவைத்த பிறகுதான் வெயில்.

உடம்புக்கு இதற்கு நேர்மாறு. முதிய தோல் வறண்டது. உப்புத் தண்ணீரில் உடம்பெல்லாம் சோப்புத் தேய்த்தால் அரிப்பும் வெடிப்பும்தான் மிச்சம். அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகியவற்றுக்கு மட்டும் சோப்பு போதும். வழுக்கி விழப் பயந்து குளிக்க மறுப்பவருக்கு வெதுவெதுப்பான ஈரத்துணியால் இவ்விடங்களைத் துடைத்து உலர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. மூத்திர வாடை வேறு கதை: யூரியாவுக்கு மணம் கிடையாது, கிருமிகள் அதை அம்மோனியாவாக்கும்வரை. நனைந்த துணியை உடனே அலசினால் அந்த அவகாசம் கிருமிக்குக் கிடைக்காது. எழுந்து போகச் சிரமப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிற பெரியவர்களுக்கு மூத்திரம் அடர்ந்து, வாடை கூடும். வாடை திடீரென்று மாறினால், மூச்சில் பழவாசனை வந்தால், கால்புண் நாறினால், சோப்பைத் தேடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பெரியவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். 65–80 வயதில் பாதிப்பேருக்கு மேல் முகரும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பதாக 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தெரியாததை நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவது கொடுமை. "ஆச்சி, போர்வையைக் கொடுங்க, மத்ததோட சேர்த்து ஊறப் போடுதேன்" என்று வாரம் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டால், வாடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.