வார்மர் ஏன் இன்னும் சூடாகிறது? பயோமெடிக்கல் டெக்னீஷியன் தேர்வுக்கு கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தயாராவது எப்படி

முதலில் ஒரு கேள்வி. பிறந்த குழந்தை ரேடியன்ட் வார்மரில் படுத்திருக்கிறது. தோலில் ஒட்டியிருந்த டெம்பரேச்சர் ப்ரோப் கழன்று, படுக்கைக்கு வெளியே தொங்குகிறது. வார்மர் ஆட்டோ மோடில் இருக்கிறது. அது இப்போது என்ன செய்யும்? அணைந்துவிடுமா, அப்படியே இருக்குமா, இன்னும் சூடாகுமா?

இன்னும் சூடாகும். ப்ரோப் இப்போது அளப்பது அறையின் காற்றை. அது 28 டிகிரி என்றால், குழந்தையின் உடம்பே 28 டிகிரிக்கு இறங்கிவிட்டதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். 36.5-க்குக் கொண்டுவர ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டும். அலாரம் அடிக்கலாம், ஆனால் அலாரத்தை யாராவது அமுக்கிவிட்டுப் போயிருந்தால்? இங்கே மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை என்பதுதான் விஷயம். அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. தெரியாத டெக்னீஷியன் ஹீட்டரைக் கழற்றிப் பார்ப்பார். தெரிந்தவர் முதலில் ப்ரோப்பைத் தேடுவார்.

மருத்துவக் கருவி டெக்னீஷியன் தேர்வுகளில் பலரும் சறுக்குவது இந்த மாதிரிக் கேள்விகளில்தான். தேனி மாவட்டத்தில் டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்துவிட்டு, "அடுத்து என்ன சர்டிபிகேட் பண்ணலாம்?" என்று யோசிப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

எந்தத் தேர்வு?

இந்தத் துறையில் உலக அளவில் அதிகம் பேசப்படுவது சிபிஇடி. 'சர்டிஃபைட் பயோமெடிக்கல் எக்விப்மென்ட் டெக்னீஷியன்' என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் ஏஏஎம்ஐ அமைப்பு நடத்துகிறது. கணினி வழித் தேர்வு, 3 மணி நேரம், 150-க்கும் மேற்பட்ட அப்ஜெக்டிவ் கேள்விகள். உடற்கூறியல், மருத்துவமனைப் பாதுகாப்பு, மின்சாரம் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ் அடிப்படை, கருவிகள் இயங்கும் விதம், கோளாறு கண்டுபிடிப்பது, மருத்துவமனை ஐடி என ஆறு பகுதிகள். இதில் கருவி இயங்கும் விதமும் கோளாறு கண்டுபிடிப்பதும் சேர்ந்தாலே ஏறக்குறைய பாதி மதிப்பெண். வெறும் எலெக்ட்ரானிக்ஸ் தியரிக்கு சுமார் 10-ல் ஒரு பங்குதான். நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் படித்து வந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

சான்றிதழ் முழுமையாகக் கைக்கு வர, படிப்போடு வேலை அனுபவமும் வேண்டும். 

இந்தியாவுக்குள் பார்த்தால், 'டெக்னீஷியன் மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற இரண்டு வருட ஐடிஐ பிரிவு இருக்கிறது. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. இதில் ஒரு சுவாரசியம்: தியரியில் தேற 33 சதவீதம் போதும், பிராக்டிகலில் 60 சதவீதம் வேண்டும். தேர்வை வடிவமைத்தவர்களே எது முக்கியம் என்று சொல்லிவிட்டார்கள். மாணவர்கள்தான் அதைக் கவனிப்பதில்லை. விசாகப்பட்டினம் மெட்டெக் ஜோனை மையமாகக் கொண்ட இந்தியன் பயோமெடிக்கல் ஸ்கில் கன்சோர்டியமும் தனியாகச் சான்றிதழ் தருகிறது.

பள்ளத்தாக்குக்கு ஏன் இது பெரிய விஷயம்?

வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி எல்லா இடத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய கேஸ் என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கம்பத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அங்கேயும் முடியாவிட்டால் மதுரை, 100 கிலோமீட்டருக்கு மேல். அதனால் ஒரு மானிட்டர் அணைந்துபோனால், அதைப் பார்க்க ஆள் எங்கிருந்து வருகிறார் என்பது முக்கியமான கேள்வி.

மத்திய அரசு 2015-ல் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன் 29 மாநிலங்களில் கணக்கெடுத்தபோது 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள் இருந்தன. மாநிலத்தைப் பொறுத்து 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யவில்லை. அதாவது சில இடங்களில் மூன்றில் ஒரு கருவி சும்மா கிடந்தது.

அந்தத் திட்டம் வைத்த இலக்கு: கருவிகள் மாவட்ட மருத்துவமனையில் 95 சதவீத நேரமும், சமுதாய நல மையத்தில் 90 சதவீதமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீதமும் இயங்க வேண்டும். சதவீதத்தை நாளாக்கிப் பாருங்கள். 95 என்றால் வருடத்துக்கு 18 நாள் நிற்கலாம். 80 என்றால் 73 நாள். இலக்கை எட்டிய பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல்! ஊர் உள்ளே போகப் போக இலக்கும் இறங்குகிறது. நடைமுறைச் சிரமத்தைப் பார்த்து வைத்த எண்தான், ஆனாலும் மலையடிவாரத்தில் இருப்பவருக்கு அது நல்ல செய்தி இல்லை. அந்த 73 நாளைக் குறைக்கக்கூடியவர், பக்கத்திலேயே இருக்கும் ஒரு தேர்ந்த டெக்னீஷியன்.

கறுப்பு வயர் எது?

சிபிஇடி எழுதுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: அது அமெரிக்காவை மனதில் வைத்து எழுதப்பட்ட தேர்வு. புத்தகத்தை அப்படியே படித்துவிட்டு இங்கே வார்டுக்குள் போனால் ஆபத்து. இங்கே பார்த்ததை அப்படியே அங்கே எழுதினால் மார்க் போகும்.

ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் உடல் கறுப்பு, தோள்பட்டை வெள்ளை. அமெரிக்காவில் பச்சை. மின்சாரம் நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவர்களுக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இதெல்லாம் பரவாயில்லை. வயர் நிறம்தான் உயிர் விஷயம். அமெரிக்க வயரிங்கில் கறுப்புதான் மின்சாரம் வரும் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நம் பழைய கட்டடங்களில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஒரே கறுப்பு வயர். ஒரு நாட்டில் தொட்டால் ஷாக், இன்னொரு நாட்டில் அது நியூட்ரல். (நியூட்ரலையும் டெஸ்டர் வைக்காமல் தொடாதீர்கள். நம் ஊர் எலெக்ட்ரீஷியன் எதை எதில் மாட்டியிருப்பார் என்பது அவருக்கே வெளிச்சம்.)

எளிய வழி: ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் 'தேர்வு', வலப்பக்கம் 'வார்டு' என்று எழுதுங்கள். ஒவ்வொரு அளவையும் இரண்டு பக்கமும் குறியுங்கள். எர்த் வயரின் தடையை எடுத்துக்கொண்டால், அமெரிக்க என்எஃப்பிஏ 99 விதிப்படி 0.5 ஓம் வரை. ஐஇசி 60601 தரத்தில் பவர் கார்டோடு சேர்த்து 0.2 ஓம்.

மாறாத விஷயமும் உண்டு: கசிவு மின்சாரம். கருவியின் மேல் ஒரு சதுரத்துக்குள் மனித உருவம் இருந்தால் பிஎஃப் வகை, இதய வடிவம் இருந்தால் சிஎஃப் வகை. பிஎஃப்-ல் நோயாளிக்குக் கசியும் மின்சாரம் சாதாரண நிலையில் 100 மைக்ரோஆம்பியர் வரை இருக்கலாம். சிஎஃப்-ல் வெறும் 10. ஏன் இந்த வித்தியாசம்? 1 மில்லியாம்பியர் அளவுக்கு வந்தால்தான் நம் தோல் அதை உணரவே ஆரம்பிக்கும். ஆனால் இதயத்துக்குள் கத்தீட்டர் இருக்கும் நோயாளிக்கு, அதில் 10-ல் ஒரு பங்குகூட இதயத் துடிப்பைக் குலைத்துவிடலாம். இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் எண்கள் தானாக நினைவில் நிற்கும்.

107 திறமைகள்

"எங்க ஊர்ல வென்டிலேட்டர் கழட்டிப் பழக எங்க போறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஓர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மால்கினும் அலிசன் கீனும் 2010-ல் வெளியிட்டது. வசதி குறைந்த 11 நாடுகளில் 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 பழுதுக் கோரிக்கைகளை அலசினார்கள். வேலை செய்யாமல் கிடந்த கருவிகளில் 66 சதவீதத்தை, வெளிநாட்டு உதிரிபாகம் எதுவும் இல்லாமல், வெறும் 107 அடிப்படைத் திறமைகளை வைத்தே ஓடவைக்க முடியும் என்று கண்டார்கள்.

அந்தத் திறமைகள் என்ன? ஃபியூஸ் பார்ப்பது, பவர் கார்டு மாற்றுவது, சாலிடரிங், பேட்டரி சோதனை, ட்யூபில் கசிவு அடைப்பது, ஃபில்டர் சுத்தம் செய்வது, மோட்டாரில் சிக்கிய தூசியை எடுப்பது, கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று நர்ஸுக்குச் சொல்லிக்கொடுப்பது. இதில் பாதியை வீட்டிலேயே பழகலாம். ஒரு மல்டிமீட்டர், பழைய யுபிஎஸ், ஓடாத ஸ்டெபிலைசர், பழைய டிஜிட்டல் பி.பி. மெஷின் இருந்தால் போதும். பி.பி. மெஷின் காற்றை ஏற்றிக்கொண்டே போய் 'எரர்' காட்டுகிறதா? போர்டைக் கழற்றும் முன் கஃப்பையும் ட்யூபையும் கனெக்டரையும் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டிஃபிப்ரிலேட்டரை மட்டும் தனியாகத் திறந்து பழக வேண்டாம். 32 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 5,000 வோல்ட்டில் இருந்தால் அதில் 400 ஜூல் சேர்ந்திருக்கும். ½CV² போட்டுப் பாருங்கள், சரியாக வரும். தேர்வில் இது கணக்கு. கையில் இது மரணம். ஸ்விட்ச் ஆஃப் செய்த பிறகும் சார்ஜ் இருக்கலாம்.

பேட்டரியும் காந்தமும்

பாதுகாப்புப் பகுதியைப் பலர் "படிச்சா வந்துடும்" என்று கடைசிக்குத் தள்ளுவார்கள். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தப் பகுதியின் கனம் தெரியும்.

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன இளைஞர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்தார். ஸ்கேன் நடக்காதபோதும் எம்ஆர்ஐயின் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இது தேர்வில் அப்படியே வரக்கூடிய பாயின்ட்.

2019 மே 7 மாலை, மழையோடு மின்சாரம் போனபோது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த 5 பேர் இறந்தார்கள். வென்டிலேட்டர் நின்றதுதான் காரணம் என்று உறவினர்கள் குற்றம்சாட்டினார்கள். கருவிகளில் பேட்டரி இருந்தது, மின்தடை காரணமில்லை என்று மருத்துவமனை நிர்வாகம் மறுத்தது. அந்த விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு டெக்னீஷியனாக யோசியுங்கள். திரையில் '100%' என்று காட்டும் பேட்டரி உண்மையில் எவ்வளவு நேரம் தாங்கும்? அதைத் திரை சொல்லாது. நோயாளி இல்லாதபோது, டெஸ்ட் லங் மாட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் ஒரே வழி. எத்தனை நிமிடம் தாங்கியது என்று தேதியோடு எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்தால், பேட்டரி எப்போது கைவிடும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கடைசி மாதம்

ஐடி பகுதியை விட்டுவிடாதீர்கள். 192.168.1.10 என்ற முகவரியில் இருக்கும் மானிட்டரும் 192.168.2.15-ல் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனும், இரண்டின் மாஸ்க்கும் 255.255.255.0 என்றால், ரவுட்டர் இல்லாமல் பேசிக்கொள்ளாது. ஸ்கேன் படங்களுக்கு டைகாம், நோயாளி விவரங்களுக்கு எச்எல்7. இந்த அளவில் தெளிவாக இருந்தால் இந்தப் பகுதியில் பாதி கிணறு தாண்டியாச்சு.

உடற்கூறியலைத் தனியாகப் படிக்காமல் கருவியோடு சேர்த்துப் படியுங்கள். ஈசிஜி தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே 20 சிறிய கட்டம் என்றால் 1500-ஐ 20-ஆல் வகுத்து 75. இதயமும் மெஷினும் ஒரே கணக்கில் மனதில் பதிந்துவிடும். பல்ஸ் ஆக்சிமீட்டர் 660, 940 நானோமீட்டர் என இரண்டு ஒளியை விரலுக்குள் அனுப்புகிறது. நெயில் பாலிஷும் குளிர்ந்த விரலும் ஏன் அளவைக் கெடுக்கின்றன என்று அதிலிருந்தே யோசித்துவிடலாம்.

பணம் கட்டும் முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, தேர்வு மையம். பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு சென்னையைவிட, குமுளி மலையேறி கொச்சி போவது பக்கமாக இருக்கலாம். இரண்டாவது, பெயர். நம் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்தாக இருக்கும். எந்த அடையாள அட்டையைத் தேர்வு மையத்துக்கு எடுத்துப்போகிறீர்களோ, விண்ணப்பத்தில் அதில் உள்ளபடியே எழுதுங்கள். கட்டணம் டாலரில் என்பதால், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் நஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை.