களையெடுக்கும் இயந்திரம்

கோவைக்கும் அவிநாசிக்கும் இடையே உள்ள கருமத்தம்பட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில், களைக்கொத்து செய்த பணியை இன்று பெட்ரோலால் இயங்கும் சிறு இயந்திரமும் செய்கின்றது. இதனை முடுக்குமுன் எண்ணெயின் அளவை நோக்குதல் வேண்டும். நிலத்திற் கிடக்கும் கல்லையும் கம்பியையும் அகற்றுதல் வேண்டும். சூடு தணியாத எஞ்சினில் பெட்ரோல் ஊற்றலாகாது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. ஆதலின் தரையோடு படர்ந்து, நெருப்பு அருகிருப்பின் பற்றிக்கொள்ளும்.

பெருந்தீங்கு விளைவது வேறோரிடத்தில். கோரையும் அருகும் சுற்றிக்கொள்ளக் கத்திகள் நின்றுவிடும். நின்றதென நம்பிக் கைவைத்தல் பேதைமை. எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பின், சிக்கு விலகிய நொடியே கத்தி சுழலும். நிறுத்திய எஞ்சினும், கத்தியைக் கையால் திருப்புங்கால் ஒருவேளை உயிர்பெறக்கூடும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியையும் கழற்றிய பின்னரே, குச்சியொன்றால் வேர்களை நீக்குதல் வேண்டும்.