கரி அடுப்பில் சமைக்க ஆசையா? கொஞ்சம் இதையும் படிச்சுட்டு பத்த வையுங்க!

உங்கள் மகனோ மருமகனோ, மொட்டை மாடியில் பெரிய முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் அடுப்பைக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, "இனிமே ஞாயிற்றுக்கிழமை மீன் இதிலதான்!" என்று அறிவித்திருக்கிறாரா? அல்லது அதன் விலையைக் கேட்டு மலைத்துப் போய், "நம்ம கும்மட்டி அடுப்பே போதும்ப்பா" என்று நீங்கள் பரணிலிருந்து பழசை இறக்கி விட்டீர்களா? இரண்டில் எதுவானாலும் இது உங்களுக்குத்தான். ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம்!

ஜப்பானியர்கள் 'கமாடோ' என்று சொல்வது அடுப்பைத்தான். மூடியோடு கூடிய வட்டமான மண் அடுப்பில் அவர்கள் சோறாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அதைப் பார்த்து மயங்கி, ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போனார்கள். 1974ல் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் இதை விற்பதற்கென்றே கடை திறந்தார். 'பிக் கிரீன் எக்' கம்பெனி பிறந்த கதை இதுதான். மண் அடுப்பு விரிசல் விடுகிறதே என்று பிறகு சூடு தாங்கும் பீங்கானுக்கு மாறினார்கள். இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை பல ஆயிரங்கள். பெரிய சைஸ் என்றால் லட்சத்தைத் தாண்டும். எடையும் லேசுப்பட்டதல்ல, பெரியது எழுபது கிலோவுக்கு மேல்!

பீங்கான் என்றதும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு விருத்தாசலம் ஞாபகம் வரும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை வைத்து அங்கே பல வருஷமாகப் பீங்கான் தொழில் நடக்கிறது. மண்ணும் பீங்கானும் செய்கிற வேலை ஒன்றுதான். சூட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். அதனால் கரி குறைவாகச் செலவாகும். மூடி போட்ட பீங்கான் அடுப்பில் உணவு நாலா பக்கமும் சீராக வேகும், காய்ந்து போகாது. நம் கும்மட்டிக்கு மூடி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்றுதான் குமிழ்

கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்புகிறோம். கரி அடுப்பில் குமிழ் எங்கே? காற்றுதான்! அடியில் ஒரு வாய், உச்சியில் ஒரு வாய். இரண்டையும் அகலத் திறந்தால் தணல் சீறும். பாதி மூடினால் அடங்கும். முழுக்க மூடினால் அணைந்துவிடும். கும்மட்டியில் மேலே மூடி இல்லாததால், கீழ் வாயை ஒரு ஓட்டுத் துண்டால் மறைத்தும் திறந்தும் இதே வேலையைச் செய்யலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சூடு ஏறவில்லையே என்று எல்லாவற்றையும் திறந்து வைப்பார்கள். பீங்கான் ஒருமுறை எக்கச்சக்கமாகச் சூடேறிவிட்டால் சீக்கிரம் இறங்காது. ஆகவே ஏறும்போதே பிடியுங்கள். நினைத்த சூட்டுக்குக் கொஞ்சம் முன்பே வாயைக் குறுக்கிவிட வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் குடிகாடு மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கோடையில் பிற்பகலானால் கிழக்கேயிருந்து கடற்காற்று வந்துவிடும். அடுப்பின் கீழ் வாயை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால், நீங்கள் விசிறவே வேண்டாம்; மீன்தான் கருகிப் போகும்! வாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகாத இடமாகவும் பாருங்கள்.

என்ன கரி? எது கூடாது?

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலங் கரி. கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு ஏராளம் என்பதால் சவுக்குக் கரியும் கிடைக்கலாம். இரண்டும் நல்ல சூடு தரும். கட்டியாக இருக்க வேண்டும், தூளாக இருக்கக் கூடாது. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம், அல்லது சரியாக வேகாத கரி. அது புகையும், வெடிக்கும். ஒரு நாள் வெயிலில் காய வைத்து எடுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மண்ணும் பீங்கானும் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்தடுத்த சமையலிலும் அந்த நாற்றத்தைக் கொடுக்கும். தீ முகத்தில் அடிக்கும் ஆபத்து வேறு. உலர்ந்த தேங்காய் நார், இரண்டு கொட்டாங்கச்சித் துண்டு, ஒரு தீக்குச்சி போதும்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், ஆலைகளிலிருந்து வரும் பெட்டிக் கட்டை, பிளாஸ்டிக் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. பழைய இரும்பு டிரம்மை அறுத்து அடுப்பு செய்யும் பழக்கமும் பரவியிருக்கிறது. அதற்குள் முன்பு என்ன இருந்தது? பூச்சிமருந்தா, சாயமா? தெரியாத டிரம்மில் சமைக்காதீர்கள். சூடேறினால் உள்ளே ஒட்டியிருந்தது ஆவியாகி உங்கள் மீனிலும் மூச்சிலும்தான் சேரும். குடிகாடு ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் உப்பனாறு, மற்ற பக்கங்களில் சிப்காட் ஆலைகள் என்று வாழ்கிறவர்கள். காற்றில் வருவது என்ன என்று தெரிந்துகொள்ள, 2004ல் அந்த வட்டாரத்து கிராமத்தார் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கே அனுப்பினார்கள்!

பண்ருட்டி பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து முந்திரிக்கொட்டை வந்திருக்கிறதா? குழந்தைகள் அதை ஓட்டோடு தணலில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம். எரிந்தால் அதன் புகை கண்ணையும் தொண்டையையும் பதம் பார்த்துவிடும். அந்த ஓட்டை விறகாகப் போடுவதும் வீட்டு அடுப்புக்கு ஆகாது.

முதல் நாள்

புது மண் அடுப்பை வாங்கியதும் பெரிய தீ போடாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் வைத்து, பிறகு ஒரு கைப்பிடிக் கரியில் சின்னத் தணல் போட்டு, தானாக ஆற விடுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் 'டப்' என்று விரிசல். பீங்கான் அடுப்பிலும் முதல் இரண்டு மூன்று தடவை குறைந்த சூட்டிலேயே சமையுங்கள். மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை நன்றாகப் பிடிக்க அது உதவும்.

பற்ற வைத்ததும் சட்டியை ஏற்ற வேண்டாம். கரி மேல் சாம்பல் பூத்து, உள்ளே செக்கச் செவேலென்று ஆகட்டும். இருபது முதல் முப்பது நிமிஷம் ஆகும். சூடு பார்க்க வீட்டு வழி ஒன்று: கம்பி வலைக்கு நாலு விரற்கடை... இல்லை, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று விநாடியில் கையை இழுத்துக்கொண்டால் கடும் சூடு. ஐந்தாறு விநாடி தாங்கினால் நடுத்தரம். மீனுக்கும் காய்க்கும் இதுதான் சரி.

மூடி போட்ட அடுப்பைத் திறக்கும்போது ஜாக்கிரதை! உள்ளே காற்றில்லாமல் தவித்துக்கொண்டிருக்கும் தணல், திடீரென்று காற்றுக் கிடைத்ததும் குப்பென்று ஜுவாலை விடும். புருவம் பொசுங்கியவர்கள் இருக்கிறார்கள். முதலில் இரண்டு விரல் அளவு தூக்கி, சில விநாடி நிறுத்தி, பிறகு முழுக்கத் திறக்க வேண்டும். நைலான் புடவையும் காற்றில் பறக்கும் துப்பட்டாவும் அன்றைக்கு வேண்டாம். பருத்திதான் நல்லது.

வேலை முடிந்ததும் தண்ணீர் தெளித்து அணைக்காதீர்கள். அடுப்பு பிளந்துவிடும், ஆவி கையைச் சுடும். வாய்களை மூடுங்கள், தானே அணையும். மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். சாம்பலை மறுநாள் அள்ளுங்கள். இரவிலேயே அள்ளிப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டால், உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கங்கு போதும்.

அறைக்குள் கொண்டு வராதீர்கள்

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

2011 டிசம்பர் 30ந் தேதி 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பல நாள் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாட்களில், மழை விடவில்லை என்று கரி அடுப்பை அறைக்குள் எடுத்து வந்து கதவை அடைத்துக்கொள்ளத் தோன்றும். புகையே வரவில்லையே, தணல்தானே, குளிருக்கும் இதமா இருக்கே என்று நினைப்போம். அங்கேதான் ஆபத்து. சிவந்த தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. இவைதான் ஆரம்ப அறிகுறிகள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடக் கூடாது. ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே சந்தேகப்படுங்கள். முதலில் எல்லோரும் வெளியே. பிறகு 108. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை. கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் மெஷினை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்கு ஆக்சிஜனையும் இந்த வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும்!

பிரசவமான பெண்ணும் பச்சைக் குழந்தையும் இருக்கும் அறையில், குளிர் தாக்கக் கூடாது என்று பாட்டிமார்கள் கணப்புச் சட்டி வைப்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனாலும் மூடிய அறையில் அது கூடவே கூடாது என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் தள்ளியே இருக்கட்டும். வயிற்றிலிருக்கும் சிசுவை இந்த வாயு கடுமையாகப் பாதிக்கும். ஆஸ்துமாக்காரர்களும் இதய நோயாளிகளும் தணல் பக்கம் உட்கார வேண்டாம். தட்டில் வந்ததும் சாப்பிட்டால் போதும். 'ஜன்னலைத் திறந்து வச்சிருக்கோமே' என்பது போதாது. திறந்த மாடி, முற்றம், தோட்டம் இவைதான் கரி அடுப்புக்கு இடம்.

சுட்டது சாப்பிட்டால் புற்றுநோய் வருமா?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். மீனோ இறைச்சியோ கடும் சூட்டில் கருகும்போது கெடுதலான சில ரசாயனங்கள் உண்டாவது உண்மை. கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து எழும் புகையிலும் இவை இருக்கும். அந்தப் புகை மறுபடி மீன் மேலேயே படியும். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலிலும், ஆடு, மாடு, பன்றி இறைச்சியை அநேகமாக உண்டாக்கும் பட்டியலிலும் 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு சேர்த்தது. அதற்காக மாதம் ஒரு நாள் சுட்ட மீன் சாப்பிடுகிறவர் பயந்து நடுங்க வேண்டியதில்லை. வாரா வாரம், அதுவும் கருகக் கருகச் சாப்பிடுவதுதான் கூடாது.

குறைக்க வழி இருக்கிறது. மஞ்சள், பூண்டு, எலுமிச்சை தடவி அரை மணி ஊற வையுங்கள். தணலை ஒரு ஓரமாக ஒதுக்கி, மீனை மறு ஓரத்தில் வையுங்கள். வாழையிலையில் சுற்றினால் இன்னும் விசேஷம். அடிக்கடி திருப்புங்கள். கோழி என்றால் முன்பே பாதி வேக வைத்து, உடனே அடுப்பில் ஏற்றுங்கள். இடையில் ஆற விட்டு வைக்காதீர்கள். கறுத்த இடத்தைச் சுரண்டி எறியத் தயங்காதீர்கள். வேகாததும் ஆபத்துதான்: கோழியின் உள்ளே 74 டிகிரி, மீனில் 63 டிகிரி செல்ஷியஸ் வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், மீன் சதை வெள்ளையாகி முள்ளிலிருந்து தானே விட்டுவர வேண்டும். பச்சை மீன் இருந்த தட்டிலேயே வெந்ததையும் வைக்காதீர்கள்.

எதில் ஆரம்பிக்கலாம்?

என்னைக் கேட்டால், மீனில் அல்ல, கத்தரிக்காயில்! சிதம்பரம் கொத்சுவைச் சுட்ட கத்தரிக்காயில் செய்து பாருங்கள். பெரிய கத்தரிக்காயில் எண்ணெய் தடவி, இரண்டு இடத்தில் கீறி, மிதமான தணலில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். கீறாவிட்டால் வெடிக்கும். தோல் சுருங்கி, உள்ளே குழைந்ததும் எடுத்து, கறுத்த தோலை முழுக்க உரித்துவிட்டு, மசித்துப் புளித்தண்ணீரில் கொதிக்க விட்டுத் தாளியுங்கள். வறுத்த மல்லி, மிளகாய், கடலைப்பருப்புப் பொடியைக் கடைசியில் தூவ வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய வெந்தாலும் கத்தரிக்காய் மன்னித்துவிடும், மீன் மன்னிக்காது. தணலின் குணம் கைக்குப் பிடிபட இது நல்ல பள்ளிக்கூடம்.

அடுத்தபடியாக கானாங்கெளுத்தி. கடலூர்ப் பக்கம் கானாங்கத்தை என்பார்கள். தன் கொழுப்பிலேயே வேகும், வலையில் அதிகம் ஒட்டாது, விலையும் அடங்கும். வலையை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மீனை வையுங்கள். தானாக விடும்வரை புரட்டாதீர்கள். வஞ்சிரத்தை உங்கள் கை பழகிய பிறகு வாங்கலாம், காசு வீணாக வேண்டாம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலூர் முதுநகரில் மீன் வரத்து குறைந்து, ஐஸில் பல நாள் இருந்ததும் கலந்துவிடும். செவுள் சிவப்பாக, கண் குழிவிழாமல் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த வாரம் சோளக்கதிரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுட்டுக் கொள்ளலாம்.