சபாக்கில் ஒரு ஜப்பானிய வீடு

ஷா ஆலாமில் நடக்கும் போன் ஒடோரி என்ற ஜப்பானிய நடன விழாவுக்கு முஸ்லிம்கள் போகலாமா என்று 2022இல் பெரிய வாக்குவாதம் எழுந்தது. போக வேண்டாம் என்றார் சமய விவகாரங்களுக்கான அமைச்சர். விழா நடக்கட்டும், சமயம் வேறு, பண்பாடு வேறு என்பதை அமைச்சரே நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார் சிலாங்கூர் சுல்தான். ஜூலை 16ஆம் தேதி விழா நடந்தது, திடல் நிறைந்தது. இங்கே வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1977இல் தொடங்கிய ஆட்டம் எப்போதோ மலேசியருடையதாகிவிட்டது. டோராமோன் மலாய் பேசக் கேட்டு வளர்ந்த நாடு இது. தோட்டத்துப் பிள்ளையின் கைப்பேசியிலும் நருட்டோ ஓடுகிறான். ஆகவே ஜப்பானியக் கலையையும் காமிக்ஸையும் தொட்டு, வரைந்து, ஆடிப் பார்க்க ஒரு மையம் சிலாங்கூரில் வந்தால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. அது தலைநகரத்துப் பேரங்காடியில் வேண்டாம், பெர்ணம் ஆற்றின் தென்கரையிலுள்ள சபாக்கில் வரட்டும் என்பது என் கட்சி. பின்தங்கிய வட்டாரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்ற இரக்கத்தில் சொல்லவில்லை. ஜப்பானைப் பற்றி இங்கே சொல்ல முடிந்த ஒன்றை பேரங்காடியில் சொல்ல முடியாது.

இத்தகைய மையங்களுக்கு இன்று எல்லோரும் காட்டும் முன்மாதிரி ஜப்பான் ஹவுஸ். ஜப்பானிய வெளியுறவு அமைச்சின் திட்டமாக சாவ் பாவ்லோ, லாஸ் ஏஞ்சல்ஸ், லண்டன் ஆகிய மூன்று நகரங்களில் இருக்கிறது. சாவ் பாவ்லோ கட்டடத்தின் முகப்பைக் கட்டடக்கலைஞர் கெங்கோ குமா ஹினோக்கி மரத்தால் பின்னியிருக்கிறார். அழகில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அது ஒரு நாட்டின் வரவேற்பறை. வரவேற்பறையில் யாரும் வீட்டுப் பழங்கதையைக் கிளற மாட்டார்கள். அதே சாவ் பாவ்லோவின் லிபர்தாஜி வட்டாரத்தில் இன்னொரு இடம் உண்டு: 1978இல் திறந்த ஜப்பானியக் குடியேறிகள் அருங்காட்சியகம். 1908இல் கசாட்டோ மாரு என்ற கப்பலில் காப்பித் தோட்டங்களில் வேலை செய்ய வந்திறங்கிய 781 பேரிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. கப்பல், தோட்டம், கடன்! தோட்டத் தமிழர்களான நம்மவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சபாக் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாவது வீட்டைத்தான்.

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஜப்பானிலேயே விடை இருக்கிறது. மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸுக்காக 2006 நவம்பரில் திறந்த கியோட்டோ மங்கா அருங்காட்சியகம் ஒரு பழைய தொடக்கப்பள்ளிக்குள் இயங்குகிறது. ஊர் மக்கள் பணம் போட்டு 1869இல் நிறுவிய தத்சுயிக்கே பள்ளி அது. பிள்ளைகள் குறைந்து 1995இல் மூடப்பட்டது. இன்று அதன் சுவர்களில் ஏறத்தாழ 50,000 மங்கா புத்தகங்கள் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் படுத்துக்கூடப் படிக்கலாம். பள்ளியின் வரலாற்றுக்கென்று ஓர் அறையையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த அருங்காட்சியகத்தில் இன்றும் கமிஷிபாய் நடத்துகிறார்கள். 1930களில் வேலையில்லாத ஆண்கள் மிதிவண்டியில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டி, மிட்டாய் விற்று, படத்தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்ன தெருக்கலை அது. தொலைக்காட்சி வந்ததும் தெருவிலிருந்து மறைந்தது. பார்வையாளர் பங்கேற்பு என்றால் உணர்கருவியும் ஒளிவீச்சுப் பெட்டியும்தான் என்று இன்றைய வடிவமைப்பாளர்கள் நினைக்கிறார்கள். டோக்கியோவில் டீம்லேப் என்ற கலைக்குழு அதைப் பிரமாதமாகச் செய்கிறது, மறுக்கவில்லை. கடலோரச் சபாக்கின் புழுக்கத்தில் அந்தக் கருவிகளை யார் பராமரிப்பது? கமிஷிபாய்க்கு ஒரு பெட்டியும் பத்துப் பதினைந்து தாள்களும் குரலும் போதும். கூட்டம் கேள்வி கேட்டால் கதைசொல்லி பதிலும் சொல்வார்.

இனி அந்தப் பெட்டியில் எந்தக் கதை? 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படை பெர்ணம் ஆற்றுக்கு வடகரையில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் படகுகளில் வந்து இறங்கியது. கோல சிலாங்கூர் கரையிலும் இறங்கப் பார்த்தது. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. அடுத்த ஆண்டே மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களை சயாமுக்கு ஏற்றினார்கள். பர்மா எல்லைக் காட்டை வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர்த் தண்டவாளத்துக்கு மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள் என்பது பொதுவான மதிப்பீடு; அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அங்கே இறந்த நேசநாட்டுப் படைவீரர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் லயத்து ஆட்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இருக்கின்றன. அவற்றை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் எடுப்பார்கள்?

கொண்டாட வந்த இடத்தில் எதற்குச் சாவுக்கதை என்பார்கள். ஜப்பானிய காமிக்ஸை அறிந்தவர் இப்படிக் கேட்க மாட்டார். பேய்க்கதைகளால் நாடே கொண்டாடிய மிசுகி ஷிகெரு, ரபாவுல் போர்முனையில் இடக்கையை இழந்தவர். திரும்பி வந்து கமிஷிபாய்க்குப் படம் வரைந்து வயிறு வளர்த்தவர். தன் படைப்பிரிவு வீணாகச் சாக அனுப்பப்பட்டதை 1973இல் மங்காவாகவே வரைந்தார். அதே ஆண்டு சிறுவர் வார இதழ் ஒன்றில்தான் நகசாவா கெய்ஜி ஹிரோஷிமாவின் கதையைத் தொடங்கினார். 2012 டிசம்பரில் மட்சுவே நகரக் கல்வி வாரியம் அந்த நூலைப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆகஸ்டில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆக, போரைப் பேசுவது இந்தக் கலைக்கு அந்நியமல்ல. குறை ஒன்று உண்டு: இந்தப் படைப்புகளில் முன்னால் நிற்பவர்கள் ஜப்பானியர்தான், சயாமில் செத்த கூலியாள் இல்லை. அந்தப் பக்கங்களைச் சபாக் பிள்ளைகள் வரையட்டும் என்பதே என் வாதம். ஜப்பான் கற்றுக்கொடுத்த கட்டங்களில் ஜப்பான் வரையாததை வரைவதைவிடப் பெரிய பங்கேற்பு எது?

பாட்டன்மாரைக் கொண்டுபோனவர்களுக்கு இங்கே வீடா என்ற கசப்பை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் கசப்புக்குப் பிள்ளைகளின் நருட்டோ மோகத்தை நிறுத்தும் வலு இல்லை. வீடு இல்லாவிட்டாலும் மோகம் இருக்கும், வரலாறு மட்டும் போய்விடும். தமிழ்ப்பள்ளிக்கே கூரை மாற்றப் பணமில்லாத ஊரில் இது எதற்கு என்பது இன்னும் கனமான கேள்வி. பள்ளிக்கு வர வேண்டிய காசில் ஒரு வெள்ளியும் இதற்குப் போகக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. செம்பனை வந்து ஆட்கள் வெளியேறியபின் சும்மா கிடக்கும் தோட்டக் கட்டடங்களில் ஒன்று போதும். நிலம் தோட்ட நிறுவனத்தினுடையது என்பதால் அதுவும் சுலபமில்லைதான். ஜப்பானிய உதவி கேட்டால் சயாம் கதையைக் குறைக்கச் சொல்வார்களோ என்ற ஐயமும் நியாயமானது. அப்படி ஒரு நிபந்தனை வந்தால் பணத்தை விட்டுவிட வேண்டியதுதான். பெட்டியும் தாளும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்; சுங்கை பெசார், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான் என்று பள்ளிக்குப் பள்ளி அடுத்த விடுமுறைக்கு முன்பே புறப்படலாம்.