பதில் ஆசிரியர் வேலைக்கு என்ன படிப்பு வேண்டும்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போவது உண்டு. அப்போது குழந்தைகளின் படிப்பு நிற்கக் கூடாது. அதனால் நாள் சம்பளத்துக்கு வேறு ஒருவரை வைப்பார்கள்.

யார் போகலாம்? பத்தாம் வகுப்பு மட்டும் போதாது. சிறு வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். உயர்நிலை வகுப்புகளுக்குப் பட்டமும் பி.எட். பயிற்சியும் வேண்டும். கேரளத்தில் 2012 முதல் கே-டெட் என்ற தகுதித் தேர்வு நடக்கிறது. அதிலும் தேற வேண்டும். அந்தத் தேர்வில் தமிழையும் மொழிப் பாடமாக எடுக்கலாம்.

நேர்முகத் தேர்வுக்கு அசல் சான்றிதழ்களைக் கொண்டு போக வேண்டும். யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது.

வேலை செய்த நாளுக்கு மட்டுமே சம்பளம். விடுப்பில் போனவர் திரும்பினால் வேலை முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் நிரந்தர வேலைக்கு பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும்.

மகள் ஆசிரியை ஆக வேண்டுமா? பத்தாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தாதீர்கள்.