காது கேட்கும்போதே ஒரு கச்சேரி

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொழுது போகவில்லை என்ற பேச்சே கிடையாது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி எங்கள் வீடு. விடியற்காலையில் கோலம் போடக் குனியும்போதே எங்கிருந்தாவது திருவெம்பாவை காதில் விழும். மாணிக்கவாசகர் அதைப் பாடிய ஊரே இதுதான் என்பார்கள். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயில்கூட இருக்கிறது. இவ்வளவு இருந்தும் சென்ற மார்கழியில் நான் மாமியாரை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டேன் என்றால், அதற்குக் காரணம் அத்தையின் காது.

அத்தைக்கு வயது எழுபத்து நாலு. அவருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தது ரேடியோதான். ராகத்தின் பெயர் தெரியாது. ஆனால் பாட்டு ஆரம்பித்ததுமே அடுத்த அடியை முணுமுணுப்பார். இரண்டு வருஷமாக ரேடியோவின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. "நீங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசறீங்க"ன்னு எங்கள் மேல் கோபம் வேறு.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். வயதானால் உள்காதின் நரம்பு தளர்ந்துபோகுமாம். முதலில் கீச்சென்ற மேல் ஒலிகள்தான் குறையுமாம். ச, ஸ மாதிரி எழுத்துகள் நழுவிவிடுவதால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. கத்திப் பேசினால் பயனில்லை, முகத்துக்கு நேரே நிதானமாகப் பேசணும் என்றார். (நான் ஒரு வருஷமாகச் சமையலறையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன்!) காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றதும் அத்தை எழுந்தே வந்துவிட்டார். அன்று ராத்திரி என்னிடம், "ஏம்மா, முழுசாப் போறதுக்குள்ள ஒரு கச்சேரி நேர்ல உக்காந்து கேட்டுடணும்" என்றார்.

சபா என்றால் பணக்காரர்கள் சமாச்சாரம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மாலையில் பெரிய வித்வான்கள் பாடும் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பெரும்பாலான சபாக்களில் பன்னிரண்டு மணி, இரண்டு மணிக் கச்சேரிகளுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இளம் பாடகர்கள் பாடுகிற நேரம் அது. மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன் நடத்தும் விழாவும் இலவசம்தான். அது கொஞ்சம் முன்னாலேயே, நவம்பர் கடைசியில் தொடங்கிவிடும். எங்கே யார் பாட்டு என்று தினசரிகளில் வந்துவிடுகிறது.

2024 மே மாதத்திலிருந்து எங்கள் ஊருக்கும் சென்னைக் கடற்கரைக்கும் நேர் ரயில் விட்டது பெரிய சௌகரியம். நாங்கள் போனபோது ஆளுக்கு ஐம்பது ரூபாய்தான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டது, திரும்பி வந்து சேர நள்ளிரவு. "இந்த வயசுல அம்மாவை இப்படி அலைக்கணுமா?" என்று என் கணவர் முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே மூன்று மணிக்கு எழுந்து, எங்களை ஒவ்வொருவராக ஸ்கூட்டரில் இரண்டு நடையாக ஸ்டேஷனில் விட்டார்.

கடற்கரையில் இறங்கி, பறக்கும் ரயிலில் திருமயிலை. ஸ்டேஷன் உயரத்தில் இருப்பதால் அத்தை படியிறங்கவே கால்மணி ஆனது. பஸ்ஸில் போகிறவர்கள், முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வர்ணம் அடித்த சாதாரண பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கபாலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சபாவுக்குப் போனோம்.

உள்ளே மொத்தம் முப்பது பேர்கூட இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அத்தைக்கோ கொண்டாட்டம். முன் வரிசை முழுக்கக் காலி! மேடைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார். பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பக்கத்தில் வயலினும் மிருதங்கமும்.

முதல் இரண்டு பாட்டு வரையில் அத்தையின் முகம் சரியில்லை. "மத்தளம் நல்லாக் கேக்குது. பொண்ணு வாயசைக்கறது தெரியுது, வார்த்தை வரமாட்டேங்குது" என்றார் மெதுவாக. அவர் மெதுவாக என்று நினைத்தது பாதி ஹாலுக்குக் கேட்டது. எனக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. காலம் கடந்து கூட்டி வந்துவிட்டோமோ?

மூன்றாவது, அத்தைக்கு ரேடியோவில் கேட்டுப் பழகிய பாட்டு. சட்டென்று நிமிர்ந்தார். தொடையில் தாளம் விழுந்தது. தெரிந்த பாட்டு என்றால் காது விட்டதை மனசு எடுத்துக் கொடுக்கும் போலிருக்கிறது. அந்தப் பெண்ணும் மேடையிலிருந்து கவனித்துவிட்டாள். அதற்குப் பிறகு அடிக்கடி அத்தையைப் பார்த்தே பாடினாள். தனி ஆவர்த்தனத்தில் சிலர் எழுந்து காபிக்குப் போனார்கள். அத்தைக்கு அதுதான் முழுசாகக் கேட்டது, அசையவே இல்லை.

அடுத்த நாற்காலியில் இன்னொரு வயதான அம்மாள். அத்தையைவிட இரண்டு, மூன்று வயது மூத்தவராகத்தான் இருப்பார். தனி ஆரம்பித்ததும் காதில் கைவைத்து எதையோ சின்னதாகத் திருகினார். அத்தை பாட்டை விட்டுவிட்டு அந்தக் காதையே பார்த்தார். கச்சேரி முடிந்ததும் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். முதல் மாதம் தட்டு விழுந்தால்கூட இடி மாதிரி இருந்ததாம், பிறகு பழகிவிட்டதாம். "பாட்டு?" என்று கேட்டார் அத்தை. "பாட்டுக்காகத்தானே போட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக் கச்சேரியும் கேட்டோம். ஏ.சி. குளிர் அதிகம், பெரியவர்களுக்குச் சால்வை கட்டாயம். கைக்குழந்தைக்காரர்கள் பால் கொடுத்துவிட்டு, ஓரத்து நாற்காலியாகப் பிடியுங்கள். குழந்தை சிணுங்கினால் பாட்டு முடிகிற இடத்தில் எழுந்து போய்விடலாம். சபா காண்டீனில் காபி மட்டும் குடித்தோம். அங்கே இலவசம் கிடையாது! இரண்டு பேருக்கும் போக வர ரயிலுக்கு மட்டும் இருநூற்று இருபது ரூபாய் ஆனது.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரையில் ரயில் ஏறினோம். காட்பாடி வரை அத்தை தூங்கினார். பிறகு விழித்துக்கொண்டு, "அந்தம்மா மிஷின் என்ன விலைன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றதும் திட்டு.

பொங்கல் கழிந்த வாரம் காதுப் பரிசோதனைக்குப் போனோம். இந்தத் தடவை அத்தை நடுவில் எழுந்து வரவில்லை. இப்போது ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி என்னை விரட்டுகிறார்.