‘நாளைக்கு வா, பாப்பம்’: ஓட்டிசம் உள்ள இளைஞருக்கு வன்னியில் வேலை

ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை 2025 மார்ச்சில் திறக்கப்பட்டபோது, பொதியில் ‘ரஜ லுணு’ என்று பெயர் இருந்ததைப் பற்றி எல்லோரும் பேசினோம். பேசத்தான் வேண்டும். அந்த நாட்களில் பரந்தனில் ஒரு தாய் என்னிடம் கேட்டது வேறு: “தம்பி, என்ர மகனுக்கு அங்க ஒரு வேலை எடுக்கேலுமோ?”

மகனுக்கு 27 வயது. மூன்று இடங்களில் வேலை செய்தவர்; எங்கும் இரண்டு மாதம் தாண்டவில்லை. களவில்லை, பிந்திப் போனதில்லை. முதலாளி “ஆறுதலாச் செய்” என்றால் உண்மையிலேயே ஆறுதலாகச் செய்வார். ஒரு கடையில் “நாளைக்கு வா, பாப்பம்” என்றார்கள். நமக்கு அதன் அர்த்தம் தெரியும். அவர் மறுநாள் கடை திறக்க முதலே போய் நின்றார்.

ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. சொல்லாமல் சொல்வதைப் பிடிப்பதும் முகம் பார்த்துப் பேசுவதும் பலருக்குக் கடினம். சத்தமும் வெளிச்சமும் சிலரை வருத்தும். வன்னியில் பேசாத பிள்ளையைக் கண்டால் “செல்லடியில பயந்தவன்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். போரின் காயம் உண்மை; ஓட்டிசம் உள்ளவருக்கும் அது இருக்கலாம். ஆனால் ஓட்டிசம் பயத்தால் வருவதில்லை. அதன் அறிகுறிகள் பெரும்பாலும் மூன்று வயதுக்குள்ளேயே தெரியத் தொடங்கும். இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே நடந்த, 2009இல் வெளியான ஓர் ஆய்வு 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அதே 2009இல் வன்னிப் பிள்ளைகள் பதுங்குகுழியிலும் பிறகு முகாமிலும் இருந்தார்கள். அவர்களை யார் பரிசோதித்திருப்பார்கள்?

உலகில் முதன்முதலாக ஓட்டிசம் என்று பதிவானவர் அமெரிக்காவின் டொனால்ட் ட்ரிப்லெட். வைத்தியர் லியோ கானர் 1943இல் அவரைப் பற்றி எழுதினார். ட்ரிப்லெட் தன் சிறிய ஊரிலுள்ள வங்கியில் 65 ஆண்டுகள் வேலை செய்து, 2023இல் 89 வயதில் இறந்தார். அந்த வங்கியை நிறுவியவர்களில் ஒருவர் அவருடைய பாட்டனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றலோடு, விட்டுக்கொடுக்கும் முதலாளியும் பழகிய ஊரும் அவருக்கு வாய்த்தன.

உப்பு வேலை இவர்களுக்குச் சரிவருமா? சிலருக்கு நன்றாகவே சரிவரும். பாத்தியில் நீர் கட்டுவது, போமே மானியில் ஏறக்குறைய 25 பாகையில் உப்புப் படியத் தொடங்குவது, வாருவது, குவிப்பது என்று வரிசை மாறாத வேலை அது. பொதி நிறுப்பதும் எண்ணுவதும் அப்படித்தான். மதிய வெயிலில் வெள்ளை உப்பின் கூச்சமும் இயந்திரச் சத்தமும்தான் சிக்கல். கறுப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் பெரிய செலவில்லை. மாரி தொடங்கி “நாளையிலிருந்து வேலை இல்லை” என்று திடீரெனச் சொல்வதுதான் ஆளைக் குழப்பும். ஒரு கிழமை முன்பே நாட்காட்டியில் காட்டிச் சொன்னால் போதும். ஒரே மேற்பார்வையாளர் ஒவ்வொரு வேலையாகச் சொல்வதும், பகிடியைத் தவிர்ப்பதும் பயிற்சிப் பட்டறை வைத்துக் கற்க வேண்டியவை அல்ல.

அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் ஒதுக்கீட்டுக்கும் அந்தப் பதவிக்குரிய தகைமை வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்ததில் சாதாரண தரப் பரீட்சையையே எழுதாதவருக்கு அதனால் பயன் குறைவு. தனியார் இடத்தில் முதலாளியின் மனம்தான் சட்டம்.

ஆனாலும் வைத்தியச் சான்று கையில் இருப்பது நல்லது. உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், “இவன் திமிர் பிடித்தவன்” என்ற பேச்சுக்குப் பதில் சொல்லவும் அது உதவும். வளர்ந்தவர்களையும் மதிப்பிடலாம், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கேளுங்கள். எத்தனை வயதில் பேசினார், யாரோடு விளையாடினார் என்று அங்கே கேட்பார்கள். அதைச் சொல்லக்கூடிய தாய் தகப்பனைப் பலர் போரில் இழந்துவிட்டார்கள். அப்படியானால் அக்கா, பெரியம்மா, முதலாம் வகுப்பு ரீச்சர் என்று அந்த வயதில் அவரைக் கண்ட யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.